மேல்மாடிக்குக் குடிபோன கிட்னி

சலவை ஆலையில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு முதலில் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள். கொதிகலன் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்து, உலர்த்தி, தேய்த்து அனுப்புவதற்கான நீராவி அந்த அறையிலிருந்துதான் போகிறது. அந்த அறைக்கு எஜமானி அவள். கொதிகலன் பரீட்சை எழுதித் தேறி அங்கே வேலைக்கு வந்த முதல் பெண்பிள்ளையும் அவளே. இதை அவள் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. "நான்தான் மொதல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாள். சொல்லட்டுமே, உண்மைதானே.

தலைமை ஆளாக ஆனதும் அவள் முதலில் செய்த காரியம் ஒன்று உண்டு. அதற்கு முன்பு ஒரு தடவை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு கூத்து நடந்தது. போகிறவன், வருகிறவன் வந்துவிட்டான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். வந்தவனோ, போகிறவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று நினைத்து நிதானமாக உடை மாற்றிக்கொண்டிருந்தான். கொதிகலனில் தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, குழாய்கள்தான் வெந்து நாசமாயின. விசாரித்தபோது இரண்டு பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "அவன் பாத்துப்பான்னு நெனச்சேன்."

அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆவியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ஒரு விதி போட்டாள். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வருகிறவர் வாய்விட்டு "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் போகிறவர் வாசல்படி தாண்டலாம். தலையாட்டினால் செல்லாது, "ம்" கொட்டினாலும் செல்லாது. ஆம்பிளைகள் முதலில் கேலி பேசினார்கள். போகப் போக அவர்களுக்கே அது தொற்றிக்கொண்டு, வீட்டில் பெண்டாட்டி குழந்தையைக் கையில் கொடுத்தால்கூட "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டார்கள்.

இனி அவளுடைய தம்பி கதைக்கு வரலாம். தம்பி நூலகத்தில் வேலை பார்ப்பவன். அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே நேர் மேல்மாடியில் தனியாக இருக்கிறான். பிறவியிலேயே சன்னமான குரல், அதிலும் நூலகத்தில் வேலை. கேட்கவா வேண்டும்? அவன் தும்மினால்கூட யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும். அக்காவுக்கு நேர் எதிர். இரண்டு பேரையும் பார்க்கிறவர்கள், பெற்றவள் குரலைப் பங்கு போடும்போது மொத்தத்தையும் மூத்தவளிடமே கொட்டிவிட்டாள் என்பார்கள்.

அந்தத் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போனது. இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்து செய்து ஆள் துரும்பாக இளைத்துவிட்டான். சோதனை செய்து பார்த்ததில் அக்காவுடையது பொருந்தும் என்றார்கள். அவள் இரண்டாவது யோசனையே செய்யவில்லை. "ரெண்டு இருக்குல்ல, ஒண்ண எடுத்துக்கோங்க" என்று கடையில் தேங்காய் எடுத்துக் கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டாள். தம்பிதான் அழுதான். அவள் கிட்னி அவன் வயிற்றுக்குள் போய், வைத்த கையோடு வேலை செய்யத் தொடங்கியது என்று கேள்விப்பட்டபோது, மயக்கம் முழுதாகத் தெளியாத நிலையிலும் அவள் சொன்னாளாம்: "என்னோடதாச்சே, சும்மா இருக்குமா?"

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூரில்தான். எங்கேயிருந்து போன் செய்தாலும் முதல் கேள்வி, "மேல்மாடிக்குக் குடிபோன நம்ம ஆளு எப்படி இருக்கு?" என்பதுதான். கிட்னியைத்தான் கேட்கிறார். அவளும் "ஜோரா இருக்கு" என்பாள். அது அவளுடைய கிட்னி. இடம் மாறியிருக்கிறதே தவிர, அவளைப் பொறுத்தவரை உரிமை மாறவில்லை.

அந்தக் கிட்னி தங்க வேண்டுமானால் ஒரு மாத்திரையைக் காலையும் மாலையும் தவறாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆயுசுக்கும். விட்டால், வந்த விருந்தாளியை உடம்பே அடித்துத் துரத்திவிடும். துரத்திவிட்டால் கிட்னி போனது போனதுதான். மறுபடி கொடுக்க அக்காவிடம் இன்னொன்று இல்லை. இருப்பது அவளுக்கே வேண்டும்.

இந்த மாத்திரையில்தான் வந்தது வினை. அதுவரை பெரிய ஆஸ்பத்திரியின் கிட்னி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தேறிவிட்டாய், இனிமேல் உன் பேட்டை டாக்டரே எழுதித் தருவார், அவருக்குத் தகவல் அனுப்பியாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேட்டை டாக்டரை அந்த வட்டாரத்தில் கடுகு டாக்டர் என்பார்கள். எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி எந்த நேரமும் வெடித்துக்கொண்டிருப்பார். கைராசிக்காரர்தான். ஆனால் ஜுரம் என்று போனால் ஜுரம் வந்ததற்கு ஒரு திட்டு, லேட்டாக வந்ததற்கு ஒரு திட்டு, திட்டு வாங்கி முகம் வாடினால் அதற்கும் ஒரு திட்டு.

தம்பி போய் நின்றதும் அவர் வெடித்தார். "நான் ஆரம்பிக்காத மருந்துக்கு நான் எதுக்குய்யா கையெழுத்துப் போடணும்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யார் தலை உருளும்? ஆரம்பிச்சவன்கிட்டயே போ."

தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். அங்கே, "எங்க பக்கம் முடிஞ்சுது, இனிமே அவர்தான் எழுதணும்" என்றார்கள். மறுபடி கடுகு டாக்டரிடம் போனான். அவர் கதவைக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் அவர் கையும் கட்டிப்போட்டிருந்தது. "சீட்டு இல்லாம இத நான் தொடவே முடியாது தம்பி" என்றார். இத்தனையும் நடந்து முடிந்தும் கீழ்வீட்டில் இருந்த அக்காவிடம் அவன் மூச்சு விடவில்லை. அக்காவுக்கு எதற்குச் சிரமம் என்று நினைத்தானாம்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தவள், அவன் வீட்டில் தேயிலை வாங்கலாம் என்று மாடி ஏறினாள். மேஜைமேல் அவனுடைய மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. வாரம் முழுக்கக் காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாகக் குழி உள்ள பெட்டி. காலைக் குழிகளில் மட்டும் மாத்திரை இருந்தது. மாலைக் குழிகள் அத்தனையும் துடைத்துவிட்டதுபோல் காலி.

"என்னடா இது? சாயங்கால மாத்திரை எங்க?"

தம்பி ஒரு மாதிரி நெளிந்தான். "காலைல மட்டும் போட்டுக்கறேன்க்கா. இருக்கறத வச்சு ஓட்டணும்ல. டாக்டருங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும்."

"ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்களா?"

"பேசுவாங்கன்னு நெனச்சேன்."

மறுபடியும் அதே 'நெனச்சேன்'. கிட்னியை எங்கிருந்து எடுத்தார்களோ அந்த இடத்திலேயே வலித்ததாக ஆவியக்கா பின்னால் சொன்னாள். அடுத்த நிமிஷம் அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. "அது என் கிட்னிடா! பத்திரமா வச்சுக்கோன்னு குடுத்தா, அதுக்குப் பாதிச் சாப்பாடு போட்டுட்டிருக்கியா? யாரக் கேட்டுடா பண்ண?" தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவன் தலையைத் தடவினாள். பயம் அவளுக்கு எப்போதும் கோபத்தின் பின்னால்தான் வந்து சேரும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியின் கிட்னிப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தது, அக்காவையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா. அக்கா குரலை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க வழியில்லை. நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போனாள். வார்டு சுற்றி முடித்ததும் டாக்டர் தன் அறையில் இருப்பார், அப்போது பேசுங்கள், நானே கூப்பிட்டுத் தருகிறேன் என்றாள்.

ஆவியக்கா அந்த நேரத்துக்குத் தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு கடுகு டாக்டரின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள். முறைப்படி வரிசையில் காத்திருந்து, தம்பி பெயர் வந்ததும் இரண்டு பேருமாக உள்ளே போனார்கள். போகும்போதே போனில் கிட்னி டாக்டர் இணைப்பில் வந்துவிட்டார். அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேஜைமேல் வைப்பதற்குள் கடுகு டாக்டர் தொடங்கிவிட்டார்.

"மறுபடியும் வந்துட்டியா? உனக்குத் தமிழ்ல சொன்னா புரியாதா? அந்த மகானுபாவர் ஆரம்பிச்சு வைப்பாராம், நான் பின்னாடியே வாரிக்கிட்டு வரணுமாம். ஒரு வேலைய முழுசா முடிக்கத் துப்பில்ல..."

"டாக்டர், அவரு லைன்ல இருக்காரு" என்றாள் ஆவியக்கா.

போனிலிருந்து ஒரு செருமல் வந்தது. "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கடுகு டாக்டர் ஒரு விநாடி வாயை மூடினார். அவருடைய நோயாளிகள் யாரும் அதுவரை காணாத காட்சி. அவர் வெட்கப்படும் ஜாதி இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கிவிட்டார். "நல்லதாப் போச்சு, நேராவே கேக்கறேன். இந்த மருந்து ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாத்துப் பாத்து அளவ மாத்தணும். அத யார் பாக்கறது? எங்கிட்ட அந்தச் சோதனைக்கு வசதி கெடையாது. நீங்க அனுப்பின தகவல்ல அதப்பத்தி ஒரு வரி இல்ல. கண்ண மூடிக்கிட்டு நான் எழுதிக்கிட்டே இருக்கணுமா?"

ஆவியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மனுஷன் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கே இதைத் தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே. வாய்தான் சரியில்லை, மற்றபடி மூளையெல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கிட்னி டாக்டரும் சளைக்கவில்லை. எல்லா ஊர் நோயாளிக்கும் ஆயுசு பூராவும் நாங்களே சீட்டு எழுத முடியுமா என்றார். இவர், அது உங்க கவலை என்றார். அவர், விதிமுறையைப் படித்துப் பாருங்கள் என்றார். இவர், எனக்கு விதிமுறை சொல்லித் தர வேண்டாம் என்றார். இரண்டு பேரும் நன்றாகச் சூடேறிவிட்டார்கள். நடுவில் தம்பி, தன்னால்தான் இத்தனையும் என்கிற முகத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் ஆவியக்கா. கொதிகலன் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். போனில் இருந்தவரும் நிறுத்திவிட்டார். "நான் பாய்லர் ஓட்டறவ. எங்க ஆலையில ஷிஃப்ட் மாறும்போது, வர்றவரு எடுத்துக்கிட்டேன்னு வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் போறவரு நகரக் கூடாது. ஏன்னா நடுவுல ஆளில்லாம இருந்தா பாய்லர் எரிஞ்சு போயிடும். இவன் சாயங்கால மாத்திர போட்டுப் பல நாளாச்சு. உள்ள இருக்கறது என் கிட்னி. இப்ப அது யார் பொறுப்புல இருக்கு? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆளுக்கொரு வாட்டி வாயத் தொறந்து சொல்லுங்க."

மாலை மாத்திரை விஷயம் இரண்டு டாக்டருக்குமே புதுச் செய்தி. கடுகு டாக்டர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "மாத்திரையக் கொறச்சியா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார். குரலில் வெடிப்பு இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தம்பி, "நீங்க கதவக் காட்டினீங்க சார்" என்று சன்னமாகச் சொன்னான். குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

முதலில் பேசியது போன்தான். "ரத்தம் பாக்கறது, அளவு சொல்றது எங்க வேலை. ஒவ்வொரு தடவையும் அளவ உங்களுக்கு எழுத்துல அனுப்பிடறேன். இன்னிக்கே அவர இங்க அனுப்புங்க, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

"அந்த வார்த்தையச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் ஆவியக்கா.

"எந்த வார்த்தைம்மா? ஓ... எடுத்துக்கிட்டேன்."

அவள் கடுகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இது என்ன நாடகக் கொட்டகையா?" என்றார் அவர். அவள் மேஜைமேல் இருந்த சீட்டுக் கட்டைப் பார்த்தாள். "வெளியில எத்தன பேர் காத்திருக்காங்க தெரியுமா?" என்றார். "நானுந்தான் காத்திருக்கேன்" என்றாள். வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, நிலவரம் சரியில்லை என்று மூடிக்கொண்டாள். ஆவியக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முழு ஷிஃப்ட் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு உட்கார்ந்து காத்திருப்பதில் என்ன கஷ்டம்?

கடைசியில் டாக்டர் சீட்டுக் கட்டை இழுத்தார். எழுதினார், கையெழுத்துப் போட்டார், மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அளவு அவரு சொல்லணும். எழுதறது என் பொறுப்பு. எடுத்துக்கிட்டேன். போதுமா தாயே?"

"போதும் டாக்டர். நீங்க நல்லா இருக்கணும்."

"நல்லா இருக்கறது அப்புறம். அடுத்த ஆள வரச்சொல்லிட்டுப் போ."

அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னி கொஞ்சம் சுணங்கியிருந்தது தெரிந்தது. அதற்கப்புறம் வந்த வாரங்களில் ஆவியக்கா ஆவியாகவே திரிந்தாள். ஆலையில் மட்டக் கண்ணாடியைப் பார்ப்பாள், வீட்டில் தம்பி முகத்தைப் பார்ப்பாள். காலையும் மாலையும் மாடி ஏறி, அவன் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் இறங்குவாள். புருஷன் போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது முதல் தடவையாக அவளால் ஜோர் என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒரு நாள் நர்ஸம்மாவே கூப்பிட்டு, பழைய நிலைக்கு வந்துவிட்டது, பயமே வேண்டாம் என்றாள். ஆவியக்கா கொதிகலன் அறையில் நின்று வாய்விட்டு அழுதாள். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆலை முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு டாக்டரைத் தான் எப்படி ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள் என்பதையும் சேர்த்துத்தான். சொல்லச் சொல்ல அந்தக் கதையில் கடுகு டாக்டரின் சத்தம் குறைந்துகொண்டும் அவளுடைய சத்தம் கூடிக்கொண்டும் போனது.

தம்பி மட்டும் அந்தக் கதைக்கு அவ்வளவாகச் சிரிக்கவில்லை. மறுபடி சீட்டு எழுதி வாங்க வேண்டிய நாள் வந்தபோது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் தயாராக நின்றாள். அவன் இறங்கி வந்தான்.

"அக்கா, நான் மட்டும் போய்ட்டு வரேன்."

"நீயா? அந்த ஆளு உன்னக் கடிச்சுத் துப்பிடுவாரு."

"துப்பட்டும்க்கா. ஒவ்வொரு தடவையும் நீ வர முடியுமா?"

"ஏன் முடியாது? என் கிட்னி, நான் வருவேன்."

அவன் ஒரு படி இறங்கி அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றான். "நீ குடுத்தேன்னு சொல்ற. ஆனா இன்னும் விடவே இல்லக்கா" என்றான். கோபமில்லை. அவன் அப்படி நேராக அவள் கண்ணைப் பார்த்துப் பேசி அவளுக்கு ஞாபகமில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. செருப்பைக் கழற்றினாள். அவன் தெருமுனை திரும்பியதும் மறுபடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆளா அவள்?

அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் உள்ளே போயிருந்தான். ஆவியக்கா வெளி பெஞ்சில் ஓரமாக, இருமிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. கடுகு டாக்டரின் குரலுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டா? ரத்தச் சோதனை முடிவை ஏன் முன்கூட்டியே கொண்டுவந்து தரவில்லை, கடைசி நேரத்தில் வந்து கழுத்தறுக்கிறாயே என்று அவர் உள்ளே வெடிப்பது வாசல்வரை கேட்டது. ஆவியக்கா எழுந்துவிட்டாள். கை கதவுப் பிடி வரைக்கும் போய்விட்டது. அப்போது உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. உரத்து, ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்த அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

"டாக்டர், கத்தாம பேசுங்க. நீங்க கத்தினா எனக்கு பிரஷர் ஏறுது. பிரஷர் ஏறினா என் கிட்னிக்கு ஆகாது."

உள்ளே சத்தம் நின்றது. ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம் டாக்டரின் குரல், கதவு தாண்டாத அளவுக்கு இறங்கி, என்னவோ கேட்க, தம்பி என்னவோ பதில் சொன்னான்.

ஆவியக்கா கையைப் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அம்மா இருமலை அடக்கிக்கொண்டு, "அந்த டாக்டரையே வாயடைக்க வச்சுட்டானே, யாருடியம்மா அது உள்ள?" என்று கேட்டாள்.

"என் தம்பி" என்றாள் அவள். "அவன் கிட்னிய அவன் பாத்துப்பான்."